படைக்குப் பின்னே நடந்த நெல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய அரங்கில் படையின் சோற்றைப் பற்றி ஓர் உரை எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. தமிழ்க் கவிதை அகம், புறம் என்னும் இரு கால்களில் நடந்து வந்தது. புறத்தின் பெரும்பகுதி போர். வாளும் வேலும் பாடப்பட்டன. களிறும் புரவியும் பாடப்பட்டன. புறமுதுகு காட்டாத மார்பு பாடப்பட்டது. ஆனால் அந்த மார்புக்குள் சென்ற சோறு எந்த ஊரில் விளைந்தது, யார் சுமந்து வந்தார், வழியில் என்ன ஆயிற்று என்ற கேள்விகளைக் கவிதை கேட்டது குறைவு. பொன்னமராவதி போன்ற ஓர் ஊரில் கூடியிருக்கும் கவிஞர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. ஏனெனில் இந்த ஊர் கடல் கடந்து வந்த ஒரு படையைக் கண்டது; இந்த ஊரைச் சூழ்ந்த சீமை, இன்னொரு கடல் கடந்த படைக்குச் சோறு போட்டது. இரண்டு செய்திகளும் வரலாற்றில் பதிவாகியுள்ளன. இரண்டிலும் நெல்தான் நடுநாயகம்.

வழங்கற்படை என்பது யாது?

இக்காலப் படைகளில் போரிடும் பட்டாலியன்களுக்குப் பின்னே வழங்கல் பட்டாலியன் என்று ஒன்று நிற்கும். உணவு, குடிநீர், எரிபொருள், வெடிமருந்து, மருந்து, உதிரிப்பாகம் ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பதும், காயமுற்றோரையும் பழுதுற்ற ஊர்திகளையும் திரும்பக் கொண்டு வருவதும் அதன் பணி. தன் நாட்டுக்குள் நின்று போரிடும் படைக்கு ஊரும் சந்தையும் கிடங்கும் அருகில் இருக்கும். அயல்மண்ணுக்குச் செல்லும் படையின் நிலை வேறு. துறைமுகத்தில் இறங்கிய இடத்திலிருந்து போர்முனை வரை நீளும் ஒற்றை வழிதான் அதன் உயிர்நாடி. அந்த வழி அறுந்தால் வீரம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இதைக் கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு படையில் 10,000 பேர் உள்ளனர் என்றும், ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி வேண்டும் என்றும் கொள்வோர்க்குக் கிடைக்கும் விடை நாளொன்றுக்கு 7,500 கிலோ. ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் 75 மாடுகள் பாசறைக்குள் வந்து சுமை இறக்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு. போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால், எந்நேரமும் 450 மாடுகள் வழியில் இருந்தாக வேண்டும். இது அரிசிக்கு மட்டும். உப்பு, புளி, எண்ணெய், விறகு, குதிரைக்குக் கொள்ளு, யானைக்குத் தழை, அந்த மாடுகளுக்கே வைக்கோல் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. மாடுகளை ஓட்டுவோரும் உண்ண வேண்டும். தொலைவு கூடக் கூட, சுமந்து வருவதன் ஒரு பகுதியை வழியே தின்றுவிடுகிறது. படையெடுப்பு என்பது பாதிக்கு மேல் இந்தக் கணக்குத்தான்.

பொன்னமராவதியில் எரிந்த களஞ்சியம்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போட்டியிட்டனர். மதுரை முற்றுகையிடப்பட்ட நிலையில் பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி வேண்டினான். 1153 முதல் 1186 வரை ஆட்சி புரிந்த அம்மன்னன் தன் தண்டநாயகன் இலங்காபுரனின் தலைமையில் கடல் கடந்து ஒரு படையை அனுப்பினான். படை வந்து சேருமுன் பாண்டியன் கொல்லப்பட்டான். படை திரும்பிச் செல்லவில்லை. பாண்டியன் மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றுவது அதன் புதிய நோக்கமாயிற்று.

மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் இப்படையெடுப்பை விரிவாகக் கூறுகிறது. இலங்காபுரன் முதலில் செய்தது நோக்கத்தக்கது. இராமேசுவரம் தீவைச் சார்ந்த குந்துகாலில் மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டையொன்றைக் கட்டி, அதற்குத் தன் மன்னனின் பெயரைச் சூட்டினான். போருக்கு முன் ஒரு துறைத்தளம். கடலுக்கு அப்பாலிருந்து ஆளும் உணவும் வந்து இறங்க ஓர் இடம். பின்னாளில் எந்தப் படையெடுப்பு நூலும் முதற்பாடமாகச் சொல்வதை அத்தண்டநாயகன் அன்றே அறிந்திருந்தான். சிறைப்பட்ட தமிழர்களை அனுராதபுரத்துப் பெருந்தூபியைச் செப்பனிடும் வேலைக்காக இலங்கைக்கு அனுப்பியதாகவும் அந்நூல் கூறும். வந்த கப்பல்கள் வெறுமையாகத் திரும்பவில்லை என்பது இதனால் பெறப்படும்.

அங்கிருந்து படை வடமேற்காக நகர்ந்தது. செம்பொன்மாரி வீழ்ந்தது. பின்னர்ப் பொன்னமராவதி. இங்கிருந்த மூன்று நிலை மாளிகையும், நெல் நிறைந்த களஞ்சியங்கள் பலவும் எரிக்கப்பட்டன என்றும், அதன்பின் மக்களின் அச்சம் நீங்கப் பறையறைந்து ஆணை அறிவிக்கப்பட்டது என்றும் சூளவம்சம் பேசுகிறது.

மாளிகையை எரிப்பது வெற்றியின் அடையாளம். களஞ்சியத்தை எரிப்பதற்குப் பொருள் வேறு. கடற்கரைத் தளத்திலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்ட ஒரு படை, கைப்பற்றிய நெல்லை உண்டிருக்கலாம், சுமந்து சென்றிருக்கலாம். சுமக்க மாடும் வண்டியும் இல்லையென்றால், அல்லது நின்று காக்க ஆளில்லையென்றால், விட்டுச்செல்லும் நெல் மறுநாள் பகைவனின் சோறாகும். அதனால் எரிக்கப்படுகிறது. களஞ்சியத்திலிருந்து எழுந்த புகை, வென்றவனின் வலிமையோடு அவனுடைய குறைவையும் சேர்த்தே சொல்லும் புகை. இழப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. அரசுரிமைப் போட்டியில் எந்தப் பங்கும் இல்லாத உழவனின் ஓராண்டு உழைப்பு அது.

இப்படையெடுப்பின் முடிவை இரு தரப்பும் வெவ்வேறாகச் சொல்கின்றன. துணைக்குச் செகத்விசய தண்டநாயகன் வந்து சேர்ந்தான் என்றும், வெற்றியோடு அனைத்தும் முடிந்தது என்றும் இலங்கை நூல் கூறும். சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டுகளோ, சோழர் தளபதி பல்லவராயர் இலங்கைப் படையை முறியடித்து, இரு தண்டநாயகர்களின் தலைகளையும் மதுரைக் கோட்டை வாயிலில் அறைவித்தார் என்று கூறும். தொண்டி, பாசி ஆகிய கடற்கரை ஊர்களில் நடந்த போரால் சோழ நாட்டு மக்கள் அஞ்சியதையும், அவ்வச்சம் தீர இருபத்தெட்டு நாள் வழிபாடு செய்த சிவாசாரியருக்கு ஊர் ஒன்று வழங்கப்பட்டதையும் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. பின்னர்ச் சோழர் கை, இலங்கையின் துறைகளை நோக்கியே நீண்டது. ஊர்காவற்றுறை, மாதோட்டம் முதலிய இடங்களில் கப்பல்கள் கட்டப்பட்டதும், அவ்விடங்கள் தாக்கப்பட்டதும் கல்வெட்டில் உள்ளன. படையை வெல்ல வேண்டுமானால் அதைச் சுமந்து வரும் கப்பலை முதலில் தொட வேண்டும் என்ற அறிவு இரு கரையிலும் இருந்தது.

பழந்தமிழ் அறிந்திருந்தது

இந்த அறிவு தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. மண்ணாசையால் மேற்செல்லும் வேந்தனைப் பற்றிய திணை வஞ்சி. அதன் துறைகளைத் தொல்காப்பியர் அடுக்கும்போது, படை எழும் ஆரவாரத்தோடு, பகைநாட்டில் தீப்பரப்பும் எரிபரந்தெடுத்தலையும், வீரர்க்குச் சோறளிக்கும் பெருஞ்சோற்று நிலையையும் சேர்த்தே வைக்கிறார். ஊட்டுதலும் எரித்தலும் ஒரே திணையின் இரு துறைகள். தன் படைக்குச் சோறு, மாற்றான் நாட்டுக்கு நெருப்பு. மேற்செலவின் முழு உண்மையையும் இவ்விரு துறைப்பெயர்களே சொல்லிவிடுகின்றன.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறு நூல். ஆயினும் பாசறையின் பின்புறத்தை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய பாடல் வேறொன்றைக் காண்பது அரிது. கரும்பும் நெற்கதிரும் தழையும் சேர்த்துக் கட்டிய உணவை உண்ண மறுக்கும் யானை அங்கே நிற்கிறது. அதை உண்ணச் செய்ய வடமொழிச் சொற்களைப் பயிற்றுகின்றனர் பாகர். கச்சில் குறுவாள் செருகிய மகளிர் விளக்குகளுக்கு நெய் வார்க்கின்றனர். நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்வோர் உள்ளனர். யவனர் காவல் இருக்கின்றனர். வேந்தனோ உறங்கவில்லை, புண்பட்ட யானைகளையும், வீழ்ந்த வீரரையும், அம்பு தைத்த வலியால் உண்ணாமல் நிற்கும் குதிரைகளையும் நினைத்து வருந்துகிறான். தீவனமும் விளக்கெண்ணெயும் காலக்கணக்கும் மருத்துவக் கவலையும் ஒரே பாடலில் வந்துவிட்டன. இன்றைய வழங்கல் பட்டாலியனின் பணிப்பட்டியலை இதற்கு அருகில் வைத்துப் பார்ப்பவர் வியப்பார்.

புறநானூற்றின் 44ஆம் பாடலில் கோவூர்கிழார், ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த நெடுங்கிள்ளியைக் கண்டிக்கிறார். அவர் எடுத்துரைப்பது வாளின் மழுக்கத்தை அன்று. உணவின்றி வாடும் யானைகளையும், பாலின்றி அழும் குழந்தைகளையும், நீரில்லாத வீடுகளையுமே. 102ஆம் பாடலில் ஔவையார் ஒரு தலைவனைப் புகழ எடுத்த உவமை, உமணர் வண்டியின் அடியில் கட்டியிருக்கும் சேம அச்சு. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று முன்னரே எண்ணியவனின் அறிவு, அரசனுக்குரிய புகழாக அங்கே உயர்கிறது. வள்ளுவரும் அரணின் இலக்கணம் சொல்லுங்கால், கொள்ளற்கு அருமையோடு உள்ளே உணவுடைமையையும் சேர்த்தார். பழைய கவிஞர்கள் வண்டியின் அடியிலும் குனிந்து பார்த்தார்கள்.

திருச்சிராப்பள்ளியும் தொண்டைமான் சீமையும்

கோவூர்கிழார் பாடிய சோழரின் பசிப்போர் நடந்த அதே காவிரிக் கரையில், பல நூற்றாண்டுகளுக்குப் பின் இன்னொரு பசிப்போர் நடந்தது. 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியில் இருந்த முகம்மது அலியை முற்றுகையிட்டனர். ஆங்கிலேயக் கம்பெனி முகம்மது அலியின் பக்கம் நின்றது. இரு ஐரோப்பியப் படைகளும் கடல் கடந்து வந்தவை. ஒன்றின் தளம் புதுச்சேரி; மற்றொன்றின் தளம் கடலூரும் சென்னையும். காவிரிக் கரையில் அவை உண்ட அரிசி கப்பலில் வந்ததன்று. தஞ்சை நாட்டிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் விளைந்தது.

போரின் முதற்கட்டம் எவ்வாறு முடிந்தது என்பதே பாடம். 1752இல் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். லாரன்சும் கிளைவும் அத்தீவுக்கும் புதுச்சேரிக்கும் இடையே புகுந்து வழியை அறுத்தனர். உணவும் பொருளும் கொண்டு வந்த உதவிப்படை வாலிகண்டபுரத்தில் சிக்கிச் சரணடைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜாக் லாவும் சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். திருவரங்கத்தின் மதில்களை எந்தப் பீரங்கியும் பிளக்கவில்லை. வராத வண்டிகள் அந்த வேலையைச் செய்தன.

இரண்டாம் கட்டத்தில் நிலை தலைகீழாயிற்று. திருச்சிராப்பள்ளியைத் தருவதாகச் சொன்ன வாக்கு பொய்த்ததால் மைசூரின் நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்தார். மராத்தியர் தலைவர் முராரி ராவும் சேர்ந்தார். 1753இன் தொடக்கத்தில் கோட்டைக்குள் இருந்தவர் கேப்டன் டால்டன். கிடங்கைத் திறந்து காட்டச் சொன்னபோதுதான், நவாபின் உறவினர் அங்கிருந்த தானியத்தை விற்றுவிட்டார் என்பதும், எஞ்சியது மூன்று வாரங்களுக்கு மட்டுமே போதும் என்பதும் அவருக்குத் தெரியவந்தது. செய்தி எட்டியவுடன் திருவதிகையை அடுத்த களத்தை விட்டுத் திருச்சிராப்பள்ளிக்கு விரைந்தார் லாரன்ஸ். ஒரு போர்க்களத்தையே இடம் மாற்றியது ஒரு வெற்றுக் களஞ்சியம்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அந்நகரைச் சுற்றி நடந்தவற்றைப் பொன்மலைப் போர் என்றும் வேறு மலைகளின் பெயராலும் வரலாற்று நூல்கள் குறிக்கும். அப்போர்களுக்கு இடைப்பட்ட நாள்களில், வண்டித்தொடரை உள்ளே விடுவதா மறிப்பதா என்பதே கேள்வி. தஞ்சை மன்னர் இப்பக்கமும் அப்பக்கமும் சாய்ந்தார். உறுதியாக நின்றவர், 1730 முதல் 1769 வரை ஆண்ட விசயரகுநாதராயத் தொண்டைமான். அவர் சீமையின் அரிசியும் ஆடுமாடுகளும் காட்டுவழியாக, பெரும்பாலும் இரவில், லாரன்சின் பாசறைக்குச் சென்றன. சமவெளியில் மராத்தியக் குதிரைப்படை. ஆகவே அடர்ந்த காடே பாதை. அக்காட்டின் ஒற்றையடித் தடங்களை அறிந்தவர் இச்சீமையின் மக்கள்.

1754 பிப்ரவரியில் தஞ்சைப் பக்கமிருந்து தானியமும் படைக்கலமும் பணமும் ஏற்றி வந்த பெருந்தொடர் ஒன்று, திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே மறிக்கப்பட்டது. காவலுக்கு வந்த ஐரோப்பியர் மாண்டனர் அல்லது பிடிபட்டனர். முந்தைய போர்களிலெல்லாம் முன்னின்ற கிரனேடியர் அணி அதில் அழிந்தது. களத்தில் தோற்காத அணி, வண்டிக் காவலில் அழிந்தது. அதன்பின் புதுக்கோட்டைச் சீமையின் அரிசிக்கு மதிப்பு இன்னும் கூடிற்று. இதை எதிரியும் உணர்ந்தான். அதே ஆண்டின் கோடையில் பிரெஞ்சுத் தளபதி மெய்சின் தொண்டைமான் சீமைக்குள் புகுந்து ஊர்களை எரித்தார். மக்கள் முன்னரே குடும்பத்தோடும் கால்நடையோடும் காட்டுக்குள் சென்றிருந்தனர். வெற்று ஊர்களே எரிந்தன. சோறு போட்டதற்கான தண்டனை சோறு விளைந்த ஊருக்கு வந்தது. போரிட்டவர்களோ அங்கே குடியிருந்தவர் அல்லர்.

1754 ஆகஸ்டில் டூப்ளே பதவி இழந்தார். அவ்வாண்டிலேயே போர்நிறுத்தம் வந்தது. தென்னாட்டில் எந்த ஐரோப்பியர் நிலைப்பர் என்ற கேள்விக்கு விடை எழுதப்படத் தொடங்கியது. அவ்விடையில் புதுக்கோட்டை அரிசிக்குப் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

கான்சாகிபும் கஞ்சியும்

அந்த வண்டித்தொடர்களைக் காத்துக் கொண்டு வருவதில் பெயர் பெற்றவர் யூசுப்கான். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்தவர். மருதநாயகம் என்ற பெயரால் மக்கள் நினைவில் நிற்பவர். எந்தக் காட்டுவழி, எந்த இரவு, எந்தக் கிராமத்தில் மாடு கிடைக்கும் என்பதை அறிந்த அந்த அறிவே அவரைக் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்த்தியது. பத்தாண்டு கழித்து அதே கம்பெனியை எதிர்த்து மதுரையில் நின்றார். கோட்டையை நேர்த்தாக்குதலால் எளிதில் பிடிக்க முடியவில்லை. முற்றுகை இறுகியது, உள்ளே உணவு தீர்ந்தது, உடனிருந்தோரே அவரைக் காட்டிக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். பிறர் படைக்கு உணவுவழி திறந்தவரின் முடிவு, உணவுவழி அடைபட்ட கோட்டைக்குள் வந்தது. ஒரு காப்பியத்துக்குப் போதுமான முரண் இது.

இக்காலப் போரில் உணவைப் பற்றி உலகறிந்த கதை ஒன்றே ஒன்று உண்டு. 1751இல் ஆர்க்காட்டு முற்றுகையின்போது, சோற்றை வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சி தங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாகக் கூறப்படும் கதை. 1840இல் மெக்காலே கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையால் அது பரவியது. கதை நடந்ததா என்பது ஒருபுறம் இருக்க, அதைச் சொன்ன நோக்கம் தெளிவு. ஆள்வோருக்கு ஆளப்படுவோரின் விசுவாசம் பற்றிய சான்று தேவைப்பட்டது, கஞ்சி அச்சான்றாயிற்று. கஞ்சியைப் பற்றி எழுதும் உரிமையைத் தமிழர் எடுத்துக்கொள்ளாதபோது, பிறர் எடுத்துக்கொண்டனர்.

இப்போர்களை விரிவாக எழுதிய ராபர்ட் ஆர்மின் நூலின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. அதில் தளபதிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். பொதிமாடு ஓட்டியவரும் தலைச்சுமை சுமந்தவரும் கூலிகள், மாட்டுக்காரர் என்ற பொதுப்பெயருக்குள் கரைந்துவிடுவர்.

பெருமையும் சுமையும்

இச்சீமையின் வரலாற்றைப் பேசுவோர் இரு வழிகளில் ஒன்றைத் தேர்வது வழக்கம். ஒரு சாரார், அந்த நட்பினால்தான் புதுக்கோட்டை தனியரசாக நிலைத்து, 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தன் ஆட்சியைக் காத்துக்கொண்டது என்பர். மறுசாரார், அந்த நட்பின் நீட்சியாகவே 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் இப்பகுதியின் திருக்களம்பூர்க் காட்டில் பிடிக்கப்பட்டுக் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார் என்பர். இரண்டும் நடந்தவையே. பெருமையை மட்டும் பாடுவோரும் பழியை மட்டும் பாடுவோரும் அரண்மனையைத்தான் பாடுகின்றனர்.

நெல்லைச் சுமந்தவன் எங்கே நின்றான்? அவன் செய்தது தொண்டைமானின் ஆணை; பெற்றது அன்றைய கூலி; அஞ்சியது மராத்தியக் குதிரைக்கு; திரும்பி வந்து கண்டது எரிந்த வீடு. அவன் சுமந்த மூட்டை ஒரு பேரரசின் அடிக்கல்லாகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அடிக்கல்லானது உண்மை. அறியாமல் செய்த செயலுக்கு ஒருவன் எவ்வளவு பொறுப்பு என்பது வரலாற்றாசிரியரின் கேள்வி அன்று, கவிஞரின் கேள்வி.

கடலுக்கு அப்பால்

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இதே பாடம் மீண்டும் எழுதப்பட்டது. முதல் உலகப்போரில் இந்தியப் படையொன்று மெசபொடேமியாவுக்கு அனுப்பப்பட்டது. பாஸ்ராவில் இறங்கி டைகிரிஸ் ஆற்றின் வழியே வெகுதூரம் முன்னேறிய அப்படைக்குப் போதுமான ஆற்றுக் கப்பல்கள் தரப்படவில்லை. கூட் அல் அமாராவில் துருக்கியர் அதைச் சூழ்ந்தனர். 1916 ஏப்ரல் இறுதியில் 270 டன் உணவோடு அனுப்பப்பட்ட ஜுல்னார் என்ற கப்பல் வழியிலேயே பிடிபட்டது. ஏப்ரல் 29இல், பட்டினியால் மெலிந்த ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். அவர்களுள் மிகப்பலர் இந்தியர். படையை அனுப்பியவர்கள் கப்பல் கணக்கை முதலில் போடவில்லை என்பதை, பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. திருவரங்கத் தீவில் நிகழ்ந்ததுதான் டைகிரிஸ் கரையிலும் நிகழ்ந்தது. ஆற்றின் பெயர் மட்டும் வேறு.

இந்தியப் படையின் ஆர்மி சர்வீஸ் கோர் என்னும் வழங்கற்பிரிவு, 1760 டிசம்பர் 8ஐத் தன் தோற்ற நாளாகக் கொண்டாடுகிறது. சேவையே எங்கள் அறம் என்னும் பொருள்பட அமைந்தது அதன் குறிக்கோள். ஊர்திகளும் வானூர்திகளும் வந்த பின்னும், சாலை முடியும் மலைகளில் கோவேறு கழுதைகள் அப்பிரிவின் சுமையைத் தாங்கி வந்துள்ளன. பொதிமாடு நடந்த வழியின் தொடர்ச்சி அது.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்துக்குச் சிறிய காலமன்று. பாடல் அரங்கேறும் மாலையில் பாய் விரித்தவர், தேநீர் போட்டவர், அழைப்பிதழை வீடுவீடாகச் சேர்த்தவர், அச்சகத்தில் காத்திருந்து மலரை வாங்கி வந்தவர் என்று ஒரு வழங்கற்படை இங்கும் இருந்ததனால்தான் பத்தாண்டு நிறைந்தது. மேடையில் நின்றவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். மற்றவர் பெயரை இந்த மலர் அச்சிடுமானால் அதுவே ஒரு நல்ல தொடக்கம்.

அடுத்த வேலை பெரியது. பொன்னமராவதியின் எரிந்த களஞ்சியத்தைப் பற்றி ஒரு தமிழ்க் கவிதை வேண்டும். அந்த நெல்லை விளைவித்தவனின் பக்கமிருந்து அது எழுதப்பட வேண்டும். காட்டுவழியில் இரவில் நடந்த பொதிமாட்டின் கழுத்துமணிக்குள் வைக்கோல் திணித்து ஒலியை அடக்கியவன் எவனாவது இருந்திருப்பான். அவனைக் கற்பனையால் மட்டுமே மீட்க முடியும், ஆவணத்தால் முடியாது. ஆவணம் நிற்கும் இடத்திலிருந்து கவிதை தொடங்குவது முறைதான். ஆனால் ஆவணத்தைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும். சூளவம்சத்தையும், ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டையும், ஆர்மின் நூலையும், புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாறுகளையும் ஒருமுறையேனும் புரட்டிய கவிஞர், பழங்காலப் பெருமை என்ற எளிய மயக்கத்தில் விழமாட்டார்.

அவ்வாறு எழுதுவோர் கணக்கையும் அஞ்சாமல் கவிதைக்குள் கொண்டுவரலாம். எத்தனை மாடு, எத்தனை மூட்டை, எத்தனை நாள் என்பவை உரைநடைக்கு மட்டும் உரியவை என்ற எண்ணம் பிற்காலத்தது. சேம அச்சைப் பாட்டில் வைத்த ஔவைக்கும், யானைத் தீவனத்தைப் பாட்டில் வைத்த நப்பூதனாருக்கும் அவ்வெண்ணம் இருந்ததில்லை. அவர்கள் வைத்த இடத்திலேயே அச்சு இன்னும் இருக்கிறது. எடுத்துப் பூட்ட வேண்டியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள்.